மையில் எழுதிய வயது

சென்ற மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ் பெண் அங்கே ஒரு தாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“பொறந்த தேதி தெரியாதுன்னா நான் இன்னாத்தம்மா எழுதறது? இந்தக் கட்டத்தக் காலியா வுட்டா டாக்டரு என்னத்தான் திட்டுவாரு.”

“கார்த்திகை தீபத்துக்கு மூணு நாளு முன்னாடி பொறந்துச்சுமா. எந்த வருசம்னு கேட்டா நான் எங்க போவேன்?”

சும்மா இருக்கிற ரகம் இல்லை நான். “புள்ளய வாயத் தெறக்கச் சொல்லும்மா. பல்ல எண்ணு” என்றேன். நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். அப்புறம் நான் அந்தக் காலத்துப் பால் நிலையத்து எஸ்தர் என்று தெரிந்துகொண்டு, “அந்தக் காலத்துல நீங்கல்லாம் வயச எப்பிடிம்மா எழுதுனீங்க?” என்று கேட்டாள்.

“பென்சில்ல” என்றேன்.

ஏன் பென்சிலில் என்று அவள் கேட்டாள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவம், கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் வந்தது மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திண்டிவனத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். கையெழுத்துக்கு இரண்டு தடவை பரிசு வாங்கினேன். இந்தப் பரிசு பின்னால் என் தலையில் விடியப்போகிறது என்று அப்போது தெரியாது. பிறகு சென்னையில் ஒரு வருஷம் தாய்சேய் நலப் பயிற்சி. ஊருக்குத் திரும்பியபோது யுத்தம் முடிந்திருந்தது. அரிசிக்கு ரேஷன், துணிக்கு ரேஷன், சேரிகளில் பிள்ளைகளுக்கு வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கடல் கடந்த தேசங்களிலிருந்து நிவாரணச் சங்கம் ஒன்று பால் பவுடர் அனுப்ப ஆரம்பித்தது. அதில் எனக்கு வேலை கிடைத்தது.

அந்தப் பால் பவுடரை முதன்முதலில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. தகர டிரம்மைத் திறந்தால் மஞ்சள் பூத்த மாவு! பால் எப்படி மாவாகும்? எந்த மாட்டின் பால்? அங்கே மாடு புல் தின்னுமா, பனியைத் தின்னுமா? ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் போகவில்லை. ஊரில் அதைக் குதிரைப் பால் என்றார்கள், எலும்புப் பொடி என்றார்கள். எங்கள் சிஸ்டர் ஒவ்வொரு நாளும் வரிசையின் முன்னால் நின்று முதல் டம்ளரைத் தானே குடித்துக் காட்டுவார். அவருக்குப் பால் பிடிக்கவே பிடிக்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சிஸ்டர் ஹெல்கா வடக்கே எங்கேயோ பனி தேசத்துக்காரர். எலும்பும் தோலுமாய், பனைமரத்து உயரம். ஜனங்கள் ‘பால் தொரசாணி’ என்றார்கள். தமிழை அவர் சமையல்காரம்மாவிடம் கற்றதால், “இன்னா பண்ணிக்கினு கீற?” என்றுதான் என்னையே கேட்பார். திங்கள், புதன், வெள்ளி திண்டிவனத்தில் பால். செவ்வாய், வியாழன், சனி விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கிடங்கில். இரண்டு ஊருக்கும் நடுவே பாசஞ்சரில் நானும் பதிவேடும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்போம்.

சிஸ்டருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. நான் எதைச் சொன்னாலும், “நீ பாத்தியா, கேட்டியா?” என்பார்.

பதிவேட்டுக்கும் அதே விதிதான், முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். கண்ணால் பார்த்ததை மையில் எழுத வேண்டும். காதால் கேட்டதைப் பென்சிலில் எழுத வேண்டும். பிள்ளையை வேட்டித் தொட்டிலில் போட்டு, மல்லாட்டை நிறுக்கிற தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்போம், அது மை. பல் எத்தனை என்று விரலை விட்டு எண்ணுவோம், அதுவும் மை. பெயர், அப்பன் பெயர், வயது எல்லாம் பென்சில். “பேருகூடவா சிஸ்டர்?” என்று கேட்டேன். “பேரு வச்சப்ப நீ அங்க இருந்தியா?” என்றார். பெயரையும் பென்சிலில் எழுதினேன்.

எனக்கு இந்தப் பல் சமாச்சாரம் பைத்தியமாகப் பிடித்துவிட்டது. பால்பல் சின்னதாய், அரிசி மாதிரி வெளுப்பாய் இருக்கும். நிலைப்பல் பெரிதாய்க் கொஞ்சம் மஞ்சளோடியிருக்கும். பன்னிரண்டு வயது சுமாருக்கு இரண்டாவது கடைவாய்ப்பல் முளைக்கும். சிஸ்டர் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து யாரைக் கண்டாலும் “வாயத் தெற” என்பதுதான் எனக்கு வேலை. பாலுக்கு வரும் பிள்ளையை மட்டுமல்ல, தூக்கி வரும் ஆளின் வாயையும் பார்த்து ஓரத்தில் குறித்துவைப்பேன். ஒரு தடவை டிக்கெட் கலெக்டர் கொட்டாவி விட்டபோது எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

சங்கத்திலிருந்து வந்த விதி ஒன்று கிடங்குச் சுவரில் ஒட்டியிருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத்தான் பால். அங்கேயே எங்கள் கண்முன் குடிக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கி வருகிறவர் பதினைந்து வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வேறெங்கோ சின்ன அக்காள் ஒருத்தி, தம்பியோடு சூடான பாலில் விழுந்துவிட்டாளாம். அதிலிருந்து இந்த விதி. வரிசை ஆரம்பிக்கும் முன் நான்தான் இதை உரக்க வாசிப்பேன்.

அதைக் காதில் வாங்கிக்கொண்டே ஒருநாள் அஞ்சலை வந்தாள். இடுப்பில் தம்பி குப்பன், ஒன்றரை வயது, பூனைக்குட்டி எடை. அவள் தலை என் முழங்கைக்குத்தான் வந்தது.

“உன் வயசு இன்னா?”

“பதினஞ்சுக்கா.”

“பதினஞ்சா! நுனிக்கால்ல எக்கிக்கினு நின்னாலும் வராதேடி!”

“வளத்தி கம்மிக்கா. எங்க ஊட்ல எல்லாருமே குள்ளம்.”

கண் கொட்டாமல் சொன்னாள். அப்பன், குப்பன் வயிற்றிலிருக்கும்போது பர்மாவுக்குப் போனவன், திரும்பவில்லை. அம்மா விடியுமுன் நடவுக்குப் போய்விடுவாள். வேறு யார் தூக்கி வருவது? கேட்டதைப் பென்சிலில் ‘15’ என்று எழுதினேன். வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினேன். இருபத்து நாலு பல், அதில் மூன்று பால்பல், இரண்டாவது கடைவாய்ப்பல் முளைக்கவேயில்லை. ஓரத்தில் குறித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். குப்பன் டம்ளரை விடவில்லை. மூன்று மாதத்தில் அவன் நாலு ராத்தல், கிட்டத்தட்ட இரண்டு கிலோ, கூடினான்.

இனிமேல்தான் என் கெட்டிக்காரத்தனம் வருகிறது. சென்னையிலிருந்து மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தது. சிஸ்டர் மலேரியாவில் திண்டிவனத்தில் படுத்திருந்தார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பால் ஈரக் கை பட்டுப் பட்டுப் பென்சில் எழுத்தெல்லாம் மங்கி, பக்கம் முழுக்க ஒரே அழுக்கு. கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள் இதைப் போய் நீட்டுவதா? மூன்று நாள் உட்கார்ந்து, பென்சில் எழுத்து மேலேயெல்லாம் மையை ஓட்டினேன். முத்து முத்தாய் எழுத்து! அதிகாரி பார்த்து, “வெரி நீட்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிஸ்டர் எழுந்து வந்ததும் புதிய பக்கங்களில்தான் வேலை. பழைய பக்கங்களை அவர் புரட்டவில்லை. செய்தது தப்பு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவேயில்லை. கேட்டதையெல்லாம் பார்த்ததாக மாற்றி வைத்திருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்! அடி மண்டூகமே என்று இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை அஞ்சலை வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பதிவேட்டைப் புரட்டி, எதையோ நகல் எடுத்துக்கொண்டு போனார்; எதற்கென்று சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் போலீஸ்காரர் ஒருவர் கோர்ட்டு சம்மனோடு கிடங்குக்கு வந்தார். பதிவேட்டோடு சிஸ்டர் ஆஜராக வேண்டுமாம். அவர் பின்னாலேயே குப்பனைத் தோளில் போட்டுக்கொண்டு அஞ்சலையின் அம்மா வந்தாள்.

“தொரசாணிமா, எம்பொண்ணு வேணும்னு பண்ணலமா. பண்ணைக்காரரு களத்துல வைக்கப்போர் ஓரமா குந்திக்கினு பொறுக்கின மல்லாட்டையச் சுட்டுருக்குது, இந்தப் பயலுக்குத்தான். காத்து அடிச்சி நெருப்பு தாவிடுச்சி. போரு மொத்தமும் பூடுச்சி. பண்ணைக்காரரு இது வேணும்னே வச்சிடுச்சின்னு எழுதிக் குடுத்துட்டாரு. சப்-ஜெயில்ல வச்சிருக்காங்க. அது ஒண்ணும் பெரிய மனுசி இல்லமா, கொழந்தமா!”

“வயசு பதினாலத் தாண்டலைன்னா ஜெயில் தண்டனை கெடையாது. தாண்டியிருந்தா மாஜிஸ்திரேட் மனசுதான்” என்றார் போலீஸ்காரர். நல்ல மனுஷர்; குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஆனா டாக்டர் சர்டிபிகேட்டு பதினஞ்சுன்னு இருக்குது. உங்க புக்கிலயும் பதினஞ்சு. எங்க ஐயா போன வாரமே வந்து பாத்துட்டுப் போனாரே. மையிலதான் எழுதியிருக்குது.”

பதிவேட்டைப் பிரித்தேன்; முத்து முத்தாய் என் ‘15’. சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. குப்பனைத் தொட்டிலில் போட்டு நிறுத்தார். இரண்டு ராத்தல் குறைந்திருந்தது. அதை மையில் எழுதினார். அம்மாவிடம், “நாளைக்கு நடவுக்குப் போவியா?” என்றார். “போகாட்டி சோறு ஏதுமா?” என்றாள் அவள்.

வழக்கு நாளன்று பாசஞ்சரில் போகும்போதுதான் நான் வாயைத் திறந்தேன். மயிலம் தாண்டியதும் ஆரம்பித்து, விக்கிரவாண்டி வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்ணில் தண்ணீர். சிஸ்டர் ஜன்னல் வழியே கேப்பைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“எத்தினி பேரு?” என்றார் கடைசியில்.

“எல்லாரும் சிஸ்டர். புக்கு முழுக்க.”

“அப்ப இந்தப் புக்குல எதுக்கும் நான் சத்தியம் பண்ண முடியாது.” பிறகு, “அவ பல்லு?” என்று கேட்டார்.

“அது நான் எண்ணினது சிஸ்டர். நானே பாத்தது.”

“அதுவும் மை, இதுவும் மை. மாஜிஸ்திரேட்டு எப்பிடிப் பிரிச்சிப் பாப்பாரு?”

நியாயமான கேள்வி. விழுப்புரத்தில் இறங்கினோம்.

கோர்ட்டில் அஞ்சலை கூண்டுக்குள் நின்றாள். கட்டைக்கு மேலே நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன. பண்ணைக்காரர் முன் பெஞ்சில். மாஜிஸ்திரேட் தடித்த கண்ணாடி போட்டவர், எதையும் அவசரப்படாமல் கேட்கிறவர். போலீஸ் தரப்பு வக்கீல் சிஸ்டரிடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“உங்கள் நிலையத்தில் கண்ணால் பார்த்ததை மட்டும்தானே மையில் எழுதுவீர்கள்?”

“அதுதான் என் விதி.”

“இந்தப் பெண்ணுக்குப் பதினைந்து என்று மையில் இருக்கிறது. ஆகவே நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதியது.”

“இல்ல. எழுதினவ அங்க கீறா. அவளக் கேளுங்க.”

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சத்தியம் வாங்கினார்கள். அவ்வளவு பேர் முன்னால் என் முட்டாள்தனத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். இது போனால் எனக்கு வேறு வேலை இல்லை என்பது தெரியும். சொல்லும்போது அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலுக்காக அந்தப் பெண்தான் வயதைக் கூட்டிச் சொன்னாள் என்பதையும் சொன்னேன். பல் கணக்கையும் சொன்னேன்.

வக்கீல் விடுவாரா? “யுவர் ஆனர், பதினைந்தை அழகுக்காக மையில் எழுதியவர், பல்லையும் அழகுக்காக எழுதியிருக்கலாமே. இந்தப் புத்தகமே குப்பை.”

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, “அவர் சொல்வது சரிதானே அம்மா? இந்தப் புத்தகத்தில் நான் எதை நம்புவது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, யார்மேல் என்றுகூடத் தெரியவில்லை. “புத்தகத்த நம்ப வேணாங்க ஐயா. பல்லு புத்தகத்துல இல்லீங்க, அவ வாயில இருக்குது” என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். பிறகு டாக்டர் சர்டிபிகேட்டைக் கையில் எடுத்து, “இதையும் பார்க்க வேண்டுமே. டாக்டர் பரிசோதித்திருக்கிறார்” என்றார்.

“அந்த டாக்டர் உன் வாயப் பாத்தாரா?” என்று சிஸ்டர் இருந்த இடத்திலிருந்தே அஞ்சலையைக் கேட்டுவிட்டார். கேட்கக் கூடாதுதான். ஆனால் மாஜிஸ்திரேட் தடுக்கவில்லை; அவரும் அஞ்சலை பக்கம் திரும்பினார்.

“இல்லீங்க சாமி. எங்களையெல்லாம் உள்ள வுடமாட்டாரு. வாசப்படிக்கு வெளிய நிக்க வச்சிட்டு, போலீஸ்காரரு கையில இருந்த காயிதத்தப் பாத்து எழுதினாரு.”

எந்தக் காகிதம் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சம்மன் கொண்டுவந்த அதே போலீஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். பால் நிலையத்துப் பதிவேட்டிலிருந்து எடுத்த நகல் என்றார். நான் மை ஓட்டிய பதினைந்து, டாக்டர் கைக்குப் போய், முத்திரை குத்திக்கொண்டு கோர்ட்டுக்கு வந்திருக்கிறது! என் அப்பாவும் சேரியில் பிறந்தவர்தான். அந்த வாசற்படி எது என்று எனக்குத் தெரியும்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, “சிஸ்டர், எண்ணுங்கள். சத்தமாக எண்ணுங்கள்” என்றார்.

சிஸ்டர் கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார். கழுவி, துடைத்து, அஞ்சலையின் வாய்க்குள் விரலை விட்டு, “ஒண்ணு, ரெண்டு” என்று ஆரம்பித்தார். கீழ்த்தாடையில் இடது பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டு, “இது பால்பல்லு. ஆடிக்கினு கீது. ஐயா வந்து பாருங்க” என்றார்.

மாஜிஸ்திரேட் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நான் அதை எதிர்பார்க்கவில்லை, வக்கீலும் எதிர்பார்க்கவில்லை. குனிந்து பார்த்தார்.

“எப்போதிலிருந்து ஆடுது?”

“ஜெயில்ல வச்ச அன்னிலேந்து சாமி. பயத்துல நாக்கால தள்ளிக்கினே இருந்தேன்.”

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். “பதினைந்து வயசுக்காரிக்குப் பால்பல் ஆடுமா?” என்று வக்கீலைக் கேட்டார். வக்கீல் காகிதத்தை அடுக்கினார். பண்ணைக்காரர், “அப்ப என் வைக்கோலு?” என்றார். அது காற்றின் வேலை, தீவைக்கிற எண்ணம் இந்தக் குழந்தைக்கு இருந்ததாகத் தெரியவில்லை என்றார் மாஜிஸ்திரேட். வயது சுமார் பதினொன்று என்று எழுதிக்கொண்டார். எச்சரித்து, அம்மாவிடம் ஒப்படைத்தார். அம்மா கோர்ட்டு வாசலிலேயே அவளை முதுகில் இரண்டு சாத்து சாத்திவிட்டு, கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு கிடங்குக்கு வந்தேன். சிஸ்டர் என் மேஜையிலிருந்த மைக்கூட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“உனக்கு ஒரு மாசம் மை கெடையாது. பாத்தா எங்கிட்ட சொல்லு. நான் எழுதறேன்.” அவ்வளவுதான் தண்டனை. புதிய பதிவேடு ஒன்றைக் கொடுத்து, எல்லாரையும் முதலிலிருந்து எழுதச் சொன்னார். எழுதி முடிக்க ஏழு வாரம் ஆனது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை காலை, வழக்கம்போல விதியை வாசித்தேன். ‘பதினைந்து வயது நிரம்பியவராக’ என்ற இடத்தில் நிமிர்ந்தால், வரிசையில் அஞ்சலை. இடுப்பில் குப்பன். அந்தப் பல் விழுந்து, ஓட்டை தெரிய நின்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை ஜெயிலிலிருந்து காப்பாற்றிய அதே பதினொன்று, குப்பனின் பாலை நிறுத்திவிடும்! அன்றைக்கு சத்தியம் பண்ணிச் சொன்னது நான். எண்ணிக் காட்டியது சிஸ்டர். வரிசையிலிருந்த ஒரு பெண் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“ஏம்மா, இதுக்கு பதினொண்ணுதான்னு கோர்ட்டே சொல்லிடுச்சே! எம்பொண்ணையும் சின்னதுன்னுதான போன மாசம் திருப்பி அனுப்பிச்சீங்க?”

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு வரிசையை விட்டு நகர ஆரம்பித்தாள். குப்பன் டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். நான் சிஸ்டரைப் பார்த்தேன். விதியை மீறுகிற மனுஷி இல்லை அவர். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை நின்று ஒருமுறை முழுக்கப் படித்தார். அதை எழுதியவர்களே அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள்.

“அஞ்சலை, இங்க வா. சூடு டம்ளரு உன் கையில குடுக்க மாட்டேன். எஸ்தரு பிடிச்சிக்குவா. சரியா?”

“சரிங்கமா.”

“உன் வயசு இன்னா?”

அஞ்சலை என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பல் விழுந்த இடத்தில் நாக்கைச் செருகிக்கொண்டு, “பதினஞ்சு” என்றாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம், “உம்பொண்ணையும் நாளன்னிக்கு இட்டுக்கினு வா. அதுகிட்டயும் வயசு கேக்கறேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“நீ பாத்தியா, கேட்டியா?”

“கேட்டேன் சிஸ்டர்.”

“கோர்ட்டுல ஐயா சொன்ன பதினொண்ணு?”

“அதுவும் கேட்டதுதான் சிஸ்டர்.”

“அப்ப பென்சில்ல எழுது.”

மெல்லிசாய் ‘15’ என்று எழுதினேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். குப்பன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று என் விரலைக் கடித்தான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு பல்.